நிழலுக்குக் கோடு போட்ட வீடு

ஞானதிரவியம் சாரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடியபடி எல்லாரும் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவருடைய நிழல் அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே வந்து கூடத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தது. ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, வலதுகை விரல்களால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு, உயிரோடு இருந்தபோது எப்படி உட்காருவாரோ அப்படியே. ஜெபம் செய்ய வாயெடுத்த போதகர் சுவரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு "சார் வந்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்து முடித்தார்.

சாரின் மனைவி தங்கபுஷ்பம் அழுது வீங்கின கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "அங்க சாய்ஞ்சா சட்டையில நீலச் சுண்ணாம்பு ஒட்டும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்றாள்.  ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் ஷீபா, அம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அப்பாவின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பொழிச்சலூரில், விமான நிலையத்துச் சுற்றுச்சுவரை ஒட்டிப்போகும் அந்தத் தெருவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. படாததற்குக் காரணம் உண்டு. அந்தத் தெருக்காரர்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தலைக்குமேல் சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், இரும்பும் ஆட்களும் பெட்டிகளுமாக ஒரு முழுக் கல்யாண மண்டபமே ஆகாயத்தில் போவதை நம்பிவிட்டவர்களுக்கு ஒரு மனுஷனின் நிழல் வீடு திரும்புவதை நம்புவதில் என்ன கஷ்டம் இருந்துவிடப்போகிறது. அவர்களுக்கு வேறொரு பழக்கமும் உண்டு. விமானம் வரும்போது பேசுகிறவர் பாதிச் சொல்லில் வாயை நிறுத்திக்கொள்வார், கேட்கிறவர் அதே முகத்தோடு காத்திருப்பார், சத்தம் கடந்ததும் மீதிச் சொல் வெளியே வரும். பெண் கேட்டு வந்தவர்களும் சண்டைக்கு வந்தவர்களும் அந்தத் தெருவில் அப்படித்தான் நின்று நின்று பேசினார்கள், வெளியூரிலிருந்து வந்த மருமகள்களுக்கு இது பழகச் சில மாதம் ஆகும், பழகிய பிறகு தாய்வீட்டுக்குப் போனாலும் நடுநடுவே காரணமில்லாமல் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள்.

ஞானதிரவியம் சார் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். மீசை முளைத்தும் முளைக்காத வயசில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்கு டார்ச் பிடிக்கிற வேலைக்கு வந்து, பிடித்த டார்ச்சைக் கீழே வைக்காமலே தொழிலைக் கற்றுக்கொண்டு, தலை நரைத்து ஓய்வு பெற்றபின் பல்லாவரத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் அதே தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் போனவர். பாட்டு என்றால் அவருக்கு உயிர். பாட்டுக்கு அவர் மேல் அந்த அளவு பிரியம் இல்லை. தேவாலயத்துப் பாடகர் குழுவில் சேர்ந்தவரை, மனசு நோகாமல், நோட்டுப் பக்கம் திருப்பும் பொறுப்பில் அமர்த்தினார்கள், அந்தப் பொறுப்பை அவர் பட்டம் கட்டினது மாதிரி ஏற்றுக்கொண்டு ஞாயிறுதோறும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் போய்ப் பக்கம் திருப்பினார். மார்கழியில் சபாக்களின் கடைசி வரிசையில் அவரைப் பார்க்கலாம். உடைந்த ஆர்மோனியம் ஒன்றை யாரோ தூக்கியெறிய இருந்ததை வாங்கிவந்து, பிரித்து மேய்ந்து, மறுபடி பூட்டி, ஒரே ஒரு கட்டை மட்டும் அமுக்காமலே ஓயாமல் ரீங்கரிக்கும்படி சரிசெய்தார். "இது சரியாகலியே" என்று தங்கபுஷ்பம் கேட்டபோது, "சுருதிக்கு இருக்கட்டும்" என்றார்.

வகுப்பில் அவர் முதல் பாடமாக ஒரு பாட்டைப் போடுவார். நடுவில் ஏதாவது ஒரு வாத்தியம் நிற்கும். "எது நின்னுச்சு?" என்பார். "கேக்கிற சத்தத்தை யாரு வேணாலும் கேப்பான். எஞ்சின்ல நின்ன சத்தம் எதுன்னு கேளுலே" என்பார். அடுத்த பாடம், கருவிப் பலகை. ஹேங்கரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் சுவரில் மாட்டின பலகையில் அதனதன் உருவத்தில் கோடு போட்டு வைத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் கருவி அதன் கோட்டுக்குள் வந்து உட்கார வேண்டும், ஒரு கோடு காலியாக இருந்தால் ஒரு கருவி எங்கேயோ விமானத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம், அது கிடைக்கிறவரை மந்திரியே உள்ளே உட்கார்ந்திருந்தாலும் விமானம் கிளம்பாது. இந்த வழக்கத்தை சார் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சமையலறையில் கரண்டிக்குக் கோடு, தோசைத் திருப்பிக்குக் கோடு, கதவருகே குடைக்குக் கோடு. புதுப்பெண்ணாய் வந்த தங்கபுஷ்பம், "நான் எங்க நிக்கணும்னும் ஒரு கோடு போட்டிருங்க" என்று கிண்டலடிக்க, "நீ காணாமப் போற சாமானா?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் போட்ட கோடுகளை எல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள்.

அவர் ஓயாமல் பாடியது ஒரே ஒரு பாட்டு. தங்கபுஷ்பத்தின் ஊரில், செம்மணல் மேடான தேரிக்காட்டில், பதநீர் காய்ச்சும்போது பெண்கள் பாடுகிற பாட்டு. பெண் பார்க்க வந்த அன்று கொல்லைப்புறத்து அடுப்பிலிருந்து அவர் காதில் விழுந்தது.

*தேரிமணல் மேல நடந்து தேடிவந்த காத்தே*
*தெக்கத்திச் சேதி என்ன சொல்லு சொல்லு காத்தே*

இந்த இரண்டு அடியைத்தான் அவர் பல் விளக்கும்போதும், ஷூவுக்கு பாலிஷ் போடும்போதும், சோற்றில் மோர் ஊற்றும்போதும் பாடுவார். இரண்டாவது அடி முடிவதற்கும் தலைக்குமேல் ஒரு விமானம் வருவதற்கும் எப்படியோ சரியாக இருக்கும். நிறுத்துவார். சத்தம் போனபிறகும் கொஞ்சம் நிறுத்தி, தங்கபுஷ்பத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் தேரிமணலில் முதலிலிருந்து நடக்க ஆரம்பிப்பார். மீதி அடிகள் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். மனசுக்குள் அவள் முடித்துக்கொள்வாள். அவர் விமானத்துக்காக நிறுத்துகிறார் என்றுதான் அவள் கடைசிவரை நினைத்திருந்தாள்.

நிழலும் அதே பாட்டைப் பாடியது. குரல் சுவரிலிருந்து வந்தது, உயிரோடு இருந்தபோது எந்த இடத்தில் சுருதி இறங்குமோ அதே இடத்தில் இறங்கியது, அதை வைத்தே அது சார்தான் என்று சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். காலையில் சுவரில் இருக்கும், வெயில் ஏற ஏறத் தரைக்கு இறங்கி, வாசற்படி தாண்டித் தெருவில் உலாத்தப் போகும். அது விழுந்த இடம் மண்பானை வைத்த இடம் மாதிரி குளுகுளுவென்றிருக்கும். இஸ்திரி வண்டி அஞ்சலை தன் மல்லிப்பூவை ஈரத்துணியில் சுற்றிச் சாரின் மடியில் வைத்துவிட்டு வேலை பார்ப்பாள், பூ சாயங்காலம்வரை வாடாது. தண்ணீர் லாரிக்காரர் அவர் குறுக்கே படுத்திருந்தால் ஹாரனை மெல்ல ஒருதரம் தட்டிவிட்டு, அவர் காலை இழுத்துக்கொள்கிறவரை காத்திருப்பார். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், காலமானவர் சந்தா கட்டவேண்டுமா என்று கேள்வி எழுப்ப, அவர் தெருவில்தான் இருக்கிறார், ஆனால் தண்ணீர் பிடிப்பதில்லை என்று இன்னொருவர் சொல்ல, விஷயம் அதோடு முடிந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி போகிறபோக்கில் கையெடுத்துக் கும்பிட்டார். போதகரிடம் இதைப்பற்றிக் கேட்டவர்களுக்கு, நிழல் நல்லபடியாக நடந்துகொள்கிறவரை தமக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஓசூரிலிருந்து ஷீபா தினமும் போனில், "அப்பா வீட்டுக்கு வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் தங்கபுஷ்பம் பயந்தாள். ஏனென்றால் சார் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போகத் தொடங்கியிருந்தார். முதலில் தெருமுனை. பிறகு ரேஷன் கடை.

"இன்னாக்கா, சாரு நேத்து ஆத்துப் பாலம் வரிக்கும் போய்க்கினு இருந்தாரு, நான் கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்று அஞ்சலை ஒருநாள் சொன்னாள்.

"தனியாவா போனாவ?"

"நெயலுக்குக் கூட யாரு வருவாங்க? தனியாத்தான்."

அன்றைக்கு விளக்கு வைத்து வெகுநேரம் கழித்தே அவர் வந்தார், நிழல் வழக்கத்தைவிட வெளிறியிருந்தது, துவைத்துத் துவைத்துச் சாயம்போன கைலி மாதிரி. மறுநாள் விமான நிலையத்துச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பால்காரர் சொன்னார். தங்கபுஷ்பம் கஞ்சி குடிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருதரம் போனவர் திரும்பி வந்ததே பெரிது, இன்னொருதரம் போனால் வருவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. முதல்தரம் அழுத அழுகையே இன்னும் உடம்பில் பாக்கி இருந்தது.

ஆகவே சாரிடம் படித்த பரந்தாமன் பார்க்க வந்தபோது அவள் கேட்டுவிட்டாள். பரந்தாமன் இப்போது அதே ஹேங்கரில் சூப்பர்வைசர், முன்னந்தலையில் முடி போய்விட்டது, ஆனாலும் சாரின் நிழலுக்கு எதிரே உட்காரமாட்டார், நின்றபடிதான் பேசுவார்.

"தம்பி, நீங்கள்லாம் படிச்சவிய. இவிய எங்கயும் போயிராம இங்கனயே இருக்க ஏதாவது வழி பண்ணித் தாங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

பரந்தாமன் சுவரில் நிழலின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடப் படித்த நாலைந்து பேரையும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் செருப்பை வாசலில் வரிசையாக விட்டார்கள். சுவரில் சார் தாளம் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் மந்திரிக்கிறவரைக் கூப்பிட்டிருப்பார்கள், தாயத்து கட்டியிருப்பார்கள். இவர்கள் விமானத் தொழிலாளிகள், ஒரு பொருள் காணாமல் போகாமலிருக்க இவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பரந்தாமன் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாரின் நிழலைச் சுற்றி, மடக்கின கால், தொங்கின கால், தூக்கின விரல் உட்பட, ஒரே சீராக வெள்ளைக் கோடு போட்டார். கோட்டின் இரண்டு முனையும் காதோரத்தில் வந்து சேர்ந்தபோது, பாட்டு நின்றது.

"இனிமே சார் எங்கயும் போகமாட்டாரும்மா" என்றார் பரந்தாமன்.

போகவில்லைதான். வெயில் ஏறியும் நிழல் தரைக்கு இறங்கவில்லை, சாயங்காலமும் நீளவில்லை. விரல் தூக்கினபடி அப்படியே நின்றது, அடுத்த தட்டு விழவில்லை. வெளிறின நிறம் திரும்பி நல்ல கறுப்பாகிவிட்டது. தெருவுக்குப் பரம திருப்தி. வீடு தேடி வந்து பார்த்தார்கள், பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், யாரோ ஒரு மெழுகுவர்த்தியும் யாரோ ஒரு ஊதுவத்தியும் ஏற்றிவைத்துவிட்டுப் போக, சங்கத்துக்காரர்கள் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கூரைத் தகடு அடித்துத் தரலாமா, மழையில் சுவருக்கு ஓதம் ஏறாமலிருக்கும் என்று கேட்டார்கள். அஞ்சலை மட்டும் தன் மல்லிப்பூவை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கடியிலேயே வைத்துக்கொண்டாள். "குளுகுளுன்னு இல்லக்கா. செவுரு செவுராத்தான் கீது" என்றாள்.

தங்கபுஷ்பத்துக்கு நினைத்தது நடந்துவிட்டது. வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் அங்கேயே இருக்கிறார். ஆனால் அவள் காது வீடு முழுக்க அலைந்தது. விமானம் வரும், போகும், போனபிறகு ஒரு அமைதி வரும், அந்த அமைதியில் தேரிமணல் தொடங்க வேண்டும், தொடங்காது. எஞ்சினில் நின்ன சத்தம் எதுன்னு கேளு என்று அவர் சொல்லுவாரே, அதை மாணவர்களைவிட நன்றாக இப்போது அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வழி பண்ணச் சொன்னதே அவள்தான். அதை நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

மாதக் கடைசியில் பரந்தாமன் பழங்களோடு வந்தார்.

"பாட்டு நின்னுபோச்சு தம்பி" என்றாள் அவள். "விமானம் வந்தா நிறுத்துவாவ, அப்புறம் பாடுவாவ. இப்ப ஒரேயடியா நின்னுபோச்சு."

"விமானத்துக்காக இல்லம்மா." பரந்தாமன் தயங்கினார். "கிளாஸ்லயும் அந்த ரெண்டு அடிதான் பாடுவாரு. அங்க தலைக்குமேல ஏது விமானம்? நாங்க ஒருதடவை கேட்டோம், மீதி என்ன சார்னு. மீதி தெரியாதுன்னாரு."

"தெரியாதா?"

தலைக்குமேல் ஒரு விமானம் வந்தது. பரந்தாமன் வாயை மூடிக்கொண்டார், தங்கபுஷ்பம் அதே முகத்தோடு காத்திருந்தாள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கும்மா. என் ஷிப்டுல பாதி முடிச்ச வேலைய, அடுத்த ஷிப்டுக்காரர் வந்து, எங்க விட்டேன்னு பாத்து, அங்கருந்து எடுப்பாரு. சார் சொன்னாரு, 'என் பாதி இவ்வளவுதான்ப்பா. மீதி எங்க வீட்டுல இருக்கு. நான் நிறுத்தி நிறுத்திப் பாக்கேன், அவ எடுக்க மாட்டேங்கா. கேட்டா, கேட்டு வாங்கினதாயிரும், அவளா எடுக்கட்டும்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

தங்கபுஷ்பம் பழப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பல் விளக்கும்போதும், பாலிஷ் போடும்போதும், மோர் ஊற்றும்போதும் அவர் தன் பக்கம் பார்த்த பார்வைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் எதிரே நின்றன. இத்தனை வருஷமும் அவள் மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து பாடியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. கூச்சம்தான், வேறென்ன, கல்யாணமான புதிதில் வந்த கூச்சம் போகாமலே இருந்துவிட்டது.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டின் கடைசி அடி என்ன சொல்கிறது என்று அந்தத் தெருவில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் அவள் அதை யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் தோசைத் திருப்பியை அதன் கோட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

அஞ்சலை துணிமூட்டையோடு உள்ளே வந்தவள் பதறிப்போய் மூட்டையைப் போட்டாள். "இன்னாக்கா பண்றே? கோட்ட சொரண்டுனா பூடுவாருக்கா. நீதானே இருக்கணும்னு சொன்னே?"

"சொன்னேன்."

"அப்பறம்?"

"வாயக் கட்டி வச்சிட்டு என்னட்டி இருக்கது? மனுசரா, படமா?"

அஞ்சலை மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தங்கபுஷ்பம் தொங்கின காலில் ஆரம்பித்து, முழங்கால், இடுப்பு, தோள் என்று பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே போனாள், வெள்ளைத் துகள் அவள் சேலையிலும் நரைமுடியிலும் விழுந்தது, தூக்கின விரலைச் சுற்றியிருந்ததை மட்டும் தோசைத் திருப்பியால் தொடாமல் நகத்தாலேயே எடுத்தாள். கடைசித் துகள் உதிர்ந்ததும் விரல் முழங்காலில் இறங்கித் தட்டியது.

*தேரிமணல் மேல நடந்து தேடிவந்த காத்தே*
*தெக்கத்திச் சேதி என்ன சொல்லு சொல்லு காத்தே*

விமானம் வந்தது. வீடு அதிர்ந்தது. சத்தம் அடங்கியது. நிழல் நிறுத்தி, முகத்தை அவள் பக்கம் திருப்பியது.

தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரகரத்த குரலில், பதநீர்ச் சட்டி முன்னால் பதினாறு வயசில் பாடினதுக்குப் பிறகு முதல்தடவையாக, வாய்விட்டு எடுத்தாள்.

*வாசலிலே வந்து நின்னு வாய்திறக்காக் காத்தே*
*வந்த காலு நோவுமின்னு உள்ள வந்த காத்தே*

நிழலின் தாளம் தடுமாறி, பிறகு அவள் குரலோடு சேர்ந்துகொண்டது. சுவரிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் நீண்டு, அவள் பாதம்வரை வந்தது. அடுத்த விமானம் வந்தபோது தெருவே வழக்கம்போல வாயை நிறுத்தியது, அஞ்சலை நிறுத்தினாள், தண்ணீர்க் குடத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், தங்கபுஷ்பம் நிறுத்தவில்லை. விமானத்துக்கு அடியிலேயே பாடினாள், சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை, சத்தம் நீங்கினபோது குரல் அங்கேயே இருந்தது. நிழல் வாசற்படி வரை போய்விட்டிருந்தது. கடைசி அடி வந்ததும் அவள் ஒருகணம் மூச்சு வாங்கினாள். இங்கே நிறுத்தினால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், நாளைக்கும் தொடங்குவார், அடுத்த வருஷமும். நிறுத்திவிடலாம் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

*சொன்ன சேதி நெஞ்சுக்குள்ள சுருட்டி வச்சேன் காத்தே*
*நிக்க வேண்டாம் நேரமாச்சு நீ கெளம்பு காத்தே*

நிழல் வாசலில் நின்றது. ஹேங்கர் காலத்திலும் பயிற்சிக்கூடக் காலத்திலும் ஒவ்வொரு நாள் காலையிலும் அதே படியில் நின்று, அவள் "போயிட்டு வாங்க" என்று சொல்வதற்காக அவர் காத்திருப்பார். அதைக் கேட்காமல் படி இறங்கமாட்டார். சண்டை நடக்கிற வீட்டில்கூட யாரும் யாரையும் வெறுமனே போ என்று சொல்வதில்லை. அஞ்சலை கண்ணால் கெஞ்சினாள், சொல்லு, வாங்கன்னு சொல்லு என்று.

தங்கபுஷ்பம் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.